மான்ஸ்பீல்டு பிரபு: இன்ஷூரன்ஸ் நீதியின் மூலபுருஷர்

ஒருவன் தன் உயிரையோ பொருளையோ இன்ஷூர் செய்துகொண்டு, ஆண்டுதோறும் தவணை தவறாமல் பிரீமியத் தொகையைச் செலுத்தி வருகிறான். ஆபத்து நேர்ந்த பின்னர் அவனோ, அவன் மனைவி மக்களோ கம்பெனியின் வாயிலை அடையும்போது, விண்ணப்பத்தில் இன்ன விஷயம் மறைக்கப்பட்டது, ஆகவே பணம் கொடுப்பதற்கில்லை என்ற விடை சில சமயம் கிடைக்கிறது. பணம் வாங்கும்போது கேளாத கேள்விகளைப் பணம் கொடுக்கும்போது கேட்பது நியாயமா? பொய் சொல்லிப் பாலிஸி பெற்றவனுக்கும் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா? இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே நீதியின் தராசு ஆடிக்கொண்டே இருக்கிறது. அத்தராசை முதன்முதலாக நிலையாக நாட்டியவர், இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஓர் ஆங்கில நீதிபதி ஆவார். இங்கிலாந்தின் பிரதம நீதிபதியாக 32 வருஷ காலம் வீற்றிருந்த மான்ஸ்பீல்டு பிரபு என்பவரே அவர். அவருடைய சரித்திரத்தில் புகழத்தக்கதும் உண்டு, இகழத்தக்கதும் உண்டு. இரண்டையும் நம் நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

இளமையும் உயர்வும்

வில்லியம் மரே என்பது அவருடைய இயற்பெயர். ஸ்காட்லாந்து தேசத்தில் பெர்த் நகருக்கு அருகிலுள்ள ஸ்கோன் மாளிகையில், 1705-ம் வருஷம் மார்ச்சு மாதம் 2-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையார் ஸ்டார்மாண்ட் பிரபு. பழம் பெருமைக்குக் குறைவில்லாத குடும்பம். ஆனால் குழந்தைகளோ பதினால்வர். அரசிழந்து அயல் நாட்டில் திரிந்த ஸ்டூவர்ட் வம்சத்தாரிடம் அக்குடும்பத்தாருக்குப் பற்று மிகுதி. மூத்த சகோதரர் ஒருவர் அவ்வம்சத்தாருடனேயே சேர்ந்துவிட்டார். இந்தக் களங்கத்தை எடுத்துக் காட்டி எதிரிகள் வில்லியம் மரேயை அவருடைய வாழ்நாள் முழுவதும் குத்திக்கொண்டே இருந்தனர்.

பதின்மூன்றாவது வயதில் ஒரு மட்டக் குதிரையின் மீதேறி, பல நாள் வழி நடந்து, அவர் லண்டன் வந்து சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலையிலும், பின்னர் ஆக்ஸ்போர்டிலும் கல்வி கற்று, 1730-ம் வருஷம் பாரிஸ்டரானார். மகாகவி போப் அவருடைய நண்பர். குரல் இனிமையும், விஷயத்தைச் சிக்கலறுத்துச் சொல்லும் ஆற்றலும் ஒருங்கே வாய்க்கப் பெற்றதனால் அவர் விரைவில் முன்னணிக்கு வந்தார். 1742-ல் சொலிஸிட்டர் ஜெனரலாகவும், 1754-ல் அட்டர்னி ஜெனரலாகவும் உயர்ந்தார். காமன்ஸ் சபையில் மூத்த பிட்டுக்கு எதிர்நின்று பேசவல்லவர் அவர் ஒருவரே என்று கருதப்பட்டது. 1756-ல் பிரதம நீதிபதி ஸ்தானம் காலியாயிற்று. அவரைச் சபையை விட்டுப் போகவிட மனமின்றி, முதல் மந்திரி நியூகாஸில் பிரபு பலவிதமான சலுகைகளைக் காட்டி மன்றாடினார். மரே ஒன்றுக்கும் இசையவில்லை. அவ்வருஷம் நவம்பர் மாதம் கிங்ஸ் பெஞ்சின் பிரதம நீதிபதியாகி, மான்ஸ்பீல்டு பிரபு என்ற பட்டமும் பெற்றார்.

அக்காலத்து இன்ஷூரன்ஸ் நிலைமை

அன்று இன்ஷூரன்ஸ் என்பது பெரும்பாலும் கடலைப் பற்றியதே. லண்டனில் எட்வர்டு லாயிட் என்பவர் தொடங்கிய காப்பிக் கடையில் மாலுமிகளும் வியாபாரிகளும் கூடுவர். கப்பலுக்கு நேரக்கூடிய நஷ்டத்தில் இன்ன பங்கை நான் ஏற்கிறேன் என்று தனவந்தர்கள் பத்திரத்தின் அடியில் கையெழுத்திடுவர். இவ்வாறு தனித் தனியாக நஷ்டத்தை ஏற்போர் ஒரு புறம். 1720-ல் பார்லிமெண்டின் அநுமதி பெற்றுத் தோன்றிய ராயல் எக்ஸ்சேஞ்சு, லண்டன் அஷூரன்ஸ் என்னும் இரு கம்பெனிகள் மற்றொரு புறம்.

வியாபாரம் இங்ஙனம் பெருகிய போதிலும் சட்டம் பெருகவில்லை. மான்ஸ்பீல்டு பதவி ஏற்பதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டில் ரிப்போர்ட்டான இன்ஷூரன்ஸ் வழக்குகள் அறுபதுக்கு மேற்படா என்று, 1787-ல் கடல் இன்ஷூரன்ஸைப் பற்றி நூல் எழுதிய பார்க் என்பவர் கணக்கிட்டார். சட்ட நியாயமும் சாட்சியமும் ஒன்றாகக் குழப்பப்பட்டு ஜூரர்களின் முன் கொட்டப்படும். அவர்கள் தங்களுக்குத் தோன்றியவாறு ஒரு முடிவைச் சொல்லுவர். அந்த முடிவு அடுத்த வழக்குக்கு வழிகாட்டாது. நாளை என்ன நியாயம் வழங்கப்படும் என்பதை இன்று எவனும் அறியான். நியதியில்லாத இடத்தில் வியாபாரி எவ்வாறு நம்பிக்கையுடன் முதல் போடுவான்?

மான்ஸ்பீல்டு இந்நிலையை மாற்றினார். லண்டன் கில்டு ஹாலில் வழக்குகளை விசாரிக்கும்போது, அநுபவமுள்ள வியாபாரிகளையே விசேஷ ஜூரர்களாக அமர்த்தினார். அவர்களைத் தம் வீட்டு விருந்துக்கும் அழைத்து, வாணிகத்தின் வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நடந்தது என்ன என்பதை ஜூரர்கள் சொல்ல வேண்டும். அதற்கு நியாயம் என்ன என்பதை நீதிபதிகள் ஆராய்ந்து, காரணத்தோடு விளக்க வேண்டும் என்று முறையை வகுத்தார். ரோமாபுரியின் பழைய சட்டங்களையும், பதினான்காம் லூயி 1681-ல் பிரசித்தம் செய்த கடற்சட்டத்தையும் தயங்காமல் துணைக்கொண்டார். வியாபாரத்திற்கு வேண்டியது நுணுக்கமான தந்திரமன்று, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த நிச்சயமான நியாயமே என்பது அவர் கொள்கை.

பண்டகசாலையும் புகையிலைக் கப்பலும்

பதவி ஏற்ற மறு வருஷமே ராயல் எக்ஸ்சேஞ்சு கம்பெனியின் மீது ஒரு வழக்கு வந்தது. ஆன்ஸ்லோ என்ற கப்பல் சீன தேசத்துக் காண்டன் நதியை அடைந்தபோது, வழக்கப்படி அதன் பாய்களும் கயிறுகளும் இறக்கப்பட்டு, நதியின் நடுவே திட்டில் கட்டப்பட்டிருந்த கிடங்கொன்றில் வைக்கப்பட்டன. பாங்க்ஷால் என்று ஐரோப்பிய மாலுமிகள் வழங்கிய அக்கிடங்கின் பெயர், நம் பண்டகசாலை என்னும் சொல்லுக்கு உறவுடையது என்பது அறிஞர் துணிபு. பக்கத்துக் கிடங்கில் பற்றிய தீ இதிலும் பரவி யாவற்றையும் சாம்பலாக்கியது. கப்பலில் இருந்தவற்றுக்கே நாங்கள் பொறுப்பு. கரையில் எரிந்தவற்றுக்கன்று எனக் கம்பெனியார் சாதித்தனர். மான்ஸ்பீல்டு அதை ஒப்பவில்லை. சீன யாத்திரையில் கப்பல்கள் எல்லாம் இவ்வாறு செய்வது வழக்கம். வழக்கத்தை அறிந்தே கம்பெனி பிரீமியம் வாங்கியிருக்கிறது. ஆகையால் அந்நஷ்டமும் பாலிஸியில் அடங்கியதே என்று தீர்ப்பளித்தார்.

இதனால் அவர் எப்பொழுதும் கம்பெனிகளுக்கு விரோதி என்று எண்ணிவிடலாகாது. 1761-ல் மற்றொரு வழக்கு. வர்ஜீனியாவிலிருந்து புகையிலை ஏற்றி வந்த செல்பி என்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். சில நாட்களுக்குள் ஆங்கிலக் கப்பற்படை அதை மீட்டுவிட்டது. கப்பலும் சரக்கும் பத்திரமாகத் துறைமுகம் வந்து சேர்ந்த பின்னரும், பிடிபட்டதை வைத்து முழு நஷ்டத் தொகையையும் உரியவர் கோரினார். இன்ஷூரன்ஸ் நஷ்டத்தை ஈடு செய்வதற்கேயன்றி லாபம் சம்பாதிப்பதற்கன்று என்று கூறி, உண்மையில் நேர்ந்த நஷ்டத்தை மட்டுமே மான்ஸ்பீல்டு அளித்தார். இரு தரப்பாருக்கும் ஒரே அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.

சுமாத்ராக் கோட்டையின் வழக்கு

அவருடைய தீர்ப்புக்களில் உலகப் பிரசித்தி பெற்றது 1766-ல் அளித்ததாகும். சுமாத்ராத் தீவில் பென்கூலன் என்னுமிடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு மார்ல்பரோ கோட்டை என ஒன்று இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர், 1759 அக்டோபர் முதல் ஒரு வருஷ காலத்திற்குள் ஐரோப்பியப் பகைவர் எவராவது கோட்டையைப் பிடித்துக்கொண்டால் தமக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டுமென்று, லண்டனிலிருந்த தம் சகோதரர் மூலமாக இன்ஷூர் செய்ய ஏற்பாடு செய்தார். 1760 மே மாதத்தில் போயம் என்ற தனவந்தர் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஆனால் அதற்கு முந்திய மாதத்திலேயே பிரெஞ்சுத் தளகர்த்தர் தெஸ்தேன் பிரபு கோட்டையைக் கைப்பற்றிவிட்டார்! கடல் கடந்து செய்தி வர மாதக்கணக்காகும் காலமாதலால் லண்டனில் எவரும் அதை அறியார்.

கோட்டை பலவீனமானது, பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்ற விஷயங்களைக் கவர்னர் அறிந்திருந்தும் சொல்லவில்லை. ஆகவே பாலிஸி செல்லாது என்று போயம் வாதாடினார். வியாபாரிகளாகிய ஜூரர்கள் வாதிக்குச் சாதகமாகவே முடிவு கூறினர். புது விசாரணை வேண்டுமென்ற பிரதிவாதியின் விண்ணப்பத்தை நிராகரிக்கையில் மான்ஸ்பீல்டு விளக்கிய நியாயமே இன்றளவும் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் அஸ்திவாரமாக நிற்கிறது.

இன்ஷூர் செய்பவனுக்கு மட்டுமே தெரிந்து, ஏற்பவனுக்குத் தெரியாத முக்கியமான விஷயத்தை மறைப்பது மோசம், அவ்வொப்பந்தம் நில்லாது. ஆனால் இக்கடமை இரு தரப்பாருக்கும் பொது. கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டதென்று இரகசியமாக அறிந்துகொண்டு பிரீமியம் வாங்குபவனும் மோசக்காரனே. மேலும், ஏற்பவன் தானே அறிந்திருக்க வேண்டியதையும், கேட்டால் அறியக்கூடியதையும், யூகித்துணரக்கூடியதையும் ஒருவன் சொல்லவில்லை என்பது குற்றமாகாது. மார்ல்பரோ ஒரு வர்த்தகக் கோட்டை, ஐரோப்பியப் படையைத் தாங்கவல்ல அரணன்று என்பது லண்டனில் பலரும் அறிந்த விஷயம். யுத்தத்தின் போக்கை எடைபோட லண்டனிலிருந்தவருக்குத்தான் வசதி அதிகம். கவர்னரே இன்ஷூர் செய்யும்போது, ஏதோ அச்சமிருப்பதாலன்றோ செய்கிறார் என்பதை யூகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை. இவ்வளவும் இருக்க, ஒரு வார்த்தையும் கேளாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, நஷ்டம் நேர்ந்த பிறகு மறைத்தாய் என்று கூறித் தப்ப முயல்வதுதான் உண்மையில் நேர்மைக்கு விரோதம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இன்ஷூரன்ஸைச் சூதாட்டமாக்குவதையும் அவர் கோர்ட்டு தடுத்தது. பிரெஞ்சு ராஜதந்திரியாகிய தெயோன் என்பவர் ஆணா பெண்ணா என்று லண்டனில் பாலிஸி எழுதிப் பந்தயம் கட்டினர். 1777-ல் அவ்வழக்கும் மான்ஸ்பீல்டின் முன் வந்தது. பெண்ணே என்று ஜூரர்கள் கூறிவிட்டனர். மறு வருஷம் அத்தகைய பந்தயங்களுக்குக் கோர்ட்டு உதவாது என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். 1810-ல் தெயோன் இறந்தபோது ஆண் என்று வைத்தியர்கள் கண்டனர் என்பது வேடிக்கை.

அடிமையும் பத்திரிகையும்

1771-ம் வருஷம் ஜேம்ஸ் ஸாமர்ஸெட் என்ற நீக்ரோ அடிமையை அவனுடைய எஜமானன் விலங்கிட்டுக் கப்பலில் அடைத்து, ஜமைக்காவில் விற்க முயன்றான். அடிமைத்தனம் மிக அருவருப்பானது. வெளிப்படையான சட்டத்தின் ஆதாரமின்றி அது நில்லாது. இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லையென்று கூறி மான்ஸ்பீல்டு 1772-ல் அவனை விடுதலை செய்தார். அவருடைய இல்லத்திலேயே டிடோ பெல் என்ற பெண் வளர்ந்து வந்தாள். அவருடைய மருமகன் முறையினரான ஸர் ஜான் லிண்ட்ஸேக்கும் ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள் அவள். இந்த லிண்ட்ஸேதான் 1770-ல் சென்னைக்கு வந்து, ஆற்காட்டு நவாபு முகம்மது அலியிடம் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவர். டிடோ சுதந்திரமுள்ளவள் என்பதை மான்ஸ்பீல்டு தம் உயிலில் உறுதி செய்து, அவள் ஜீவனத்துக்கும் பொருள் வைத்தார்.

இவ்வளவு தாராள நோக்குடையவர் ராஜ்ய விஷயங்களில் அதிகாரத்தின் பக்கமே சாய்ந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. அமெரிக்கக் குடியேற்றத்தார் மீது அவர்கள் சம்மதமின்றி வரி விதிக்கப் பார்லிமெண்டுக்கு உரிமை உண்டென்று பிரபுக்கள் சபையில் வாதாடியவர் அவர். பத்திரிகைகளின் மீது ராஜ நிந்தனை வழக்கு வந்தால், அச்சிட்டது யார் என்று மட்டுமே ஜூரர்கள் சொல்லலாம், எழுதியது குற்றமா என்பது நீதிபதியின் அதிகாரம் என்றும் அவர் கொண்டார். 1770-ல் ஜூனியஸ் கடிதங்களைப் பற்றிய வழக்குகளில் லண்டன் ஜூரர்கள் இதற்கு எதிர்ப்புக் காட்டினர். 1792-ல் பாக்ஸ் கொண்டுவந்த சட்டம் மான்ஸ்பீல்டின் கொள்கையை ஒழித்தது. அதை அவர் உயிரோடிருந்தே கண்டார்.

நம் சென்னப்பட்டணத்து விவகாரம் ஒன்றும் அவர் முன் வந்தது. 1776-ல் கவர்னர் பிகட் பிரபுவை அவருடைய கவுன்ஸில் அங்கத்தினரே சிறைப்பிடித்தனர். காவலிலேயே மறு வருஷம் அவர் மாண்டார். ஸ்டிராட்டன் முதலான நால்வரை மான்ஸ்பீல்டும் ஜூரர்களும் 1779 டிசம்பரில் விசாரித்தனர். குற்றம் ருசுவாயிற்று, ஆனால் தண்டனையோ ஆளுக்கு 1000 பவுன் அபராதம் மட்டுமே. இந்தியாவில் பெருஞ்செல்வம் திரட்டிய கூட்டத்தாருக்கு அது எம்மாத்திரம்?

1780 ஜூன் மாதம் கத்தோலிக்கருக்குச் சலுகை காட்டலாகாதென்று லண்டனில் பெருங்கலகம் மூண்டது. மத சகிப்பைக் கைக்கொண்ட மான்ஸ்பீல்டின் ப்ளூம்ஸ்பரி மாளிகையைக் கலகக்காரர் சூறையாடிக் கொளுத்தினர். அவரும் மனைவியும் பின்வாயில் வழியே தப்பினர். வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் கையெழுத்துக் குறிப்புக்களும் சாம்பலாயின. அரசாங்கம் கொடுக்க முன்வந்த நஷ்ட ஈட்டை அவர் மறுத்துவிட்டார். கலகத்துக்குத் தலைவரெனப்பட்ட ஜார்ஜ் கார்டன் பிரபுவின் மீது வழக்கு நடந்தபோது, தலைமை வகித்த நீதிபதியும் அவரே. ஜூரர்கள் குற்றமில்லை என விடுவித்தனர்.

ஸாங் கப்பல்

அவர் வாழ்க்கையில் மிகக் கடுமையான சோதனை 1783-ல் வந்தது. லிவர்பூல் வியாபாரிகளுக்குச் சொந்தமான ஸாங் என்ற கப்பல், 440-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கரை அடிமைகளாக அடைத்துக்கொண்டு, 1781-ல் ஜமைக்காவை நோக்கிச் சென்றது. கப்பலோட்டிகள் வழி தவறினர். தண்ணீர் போதாதென்று காரணம் கூறி, நவம்பர் மாதக் கடைசியிலிருந்து சில நாட்களில் 130-க்கு மேற்பட்ட மனிதர்களைக் கைகளைக் கட்டி உயிரோடு கடலில் எறிந்தனர். நோயால் மாண்ட அடிமைக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடையாது. கப்பலைக் காப்பாற்ற எறியப்பட்ட சரக்குக்கோ உண்டு. தலைக்கு 30 பவுன் வீதம் இன்ஷூரன்ஸ்காரரிடம் ஈடு கோரினர் கப்பற் சொந்தக்காரர்! கொலை செய்தவர்கள் கொலையுண்டவர்களின் விலையைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வந்தனர்.

மான்ஸ்பீல்டின் முன்னே முதல் விசாரணை நடந்தது. ஜூரர்கள் சொந்தக்காரருக்கே பணம் கொடுக்கும்படி கூறினர். குதிரைகளை எறிந்ததற்கும் இதற்கும் ஜூரர்கள் வேறுபாடு காணவில்லை என்று மான்ஸ்பீல்டே பின்னர்க் குறிப்பிட்டார். இன்ஷூரன்ஸ்காரர் மேல் விண்ணப்பம் செய்தனர். கடைசிக் கூட்டத்தாரை எறிவதற்கு முன் மழை பெய்து தண்ணீர் கிடைத்தது என்ற சாட்சியம் அப்போது வெளியாயிற்று. அவசியம் என்ற காரணம் பொய்த்தது. மே மாதத்தில் மான்ஸ்பீல்டும் உடனிருந்த இரு நீதிபதிகளும் புது விசாரணைக்கு உத்தரவிட்டனர். மறு விசாரணை நடந்ததாகச் சான்றில்லை.

ஆனால் ஒருவர்மீதும் கொலைக் குற்றம் சாட்டப்படவில்லை. அடிமைத்தனத்தை அருவருப்பென்று கூறிய அதே நீதிபதி, இங்கே மனிதரைச் சரக்காகவே வைத்து வழக்கை நடத்தினார். சட்டம் இட்ட வரம்பைத் தாண்ட அவர் துணியவில்லை. எனினும் அந்தக் கோர்ட்டில் கிரான்வில் ஷார்ப் என்ற தர்மவான் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, நடந்த வார்த்தைகளை எல்லாம் எழுதச் செய்தார். முன்னாள் அடிமையாகிய ஈக்வியானோ கொண்டுவந்த செய்தியே அவரை அங்கே இழுத்தது. கணக்குப் புத்தகத்தில் மறைய வேண்டிய கொடுமை இன்ஷூரன்ஸ் வழக்கினால் வெளிச்சத்துக்கு வந்தது. அடிமை வியாபாரத்தை எதிர்த்த இயக்கத்துக்கு அது பெருந்தூண்டுதலாயிற்று. 1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வியாபாரத்தை ஒழித்தது.

அவர் விட்டுச் சென்றது

1788-ல் மான்ஸ்பீல்டு பதவியினின்று விலகினார். 1793 மார்ச்சு 20-ந் தேதி, 88 வயது நிரம்பிய பின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குச் சந்ததி இல்லை.

அவருடைய நியாயங்கள் 1906-ம் வருஷத்து ஆங்கிலக் கடல் இன்ஷூரன்ஸ் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. நம் தேசத்தில் 1963-ல் இயற்றிய சட்டமும் அதையே தழுவியது. ஆயினும் இடைக்காலத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. இரு தரப்பாருக்கும் பொதுவென்று அவர் விதித்த நேர்மைக் கடமை, நாளடைவில் ஏழைப் பாலிஸிதாரனின் கழுத்தில் மட்டும் நுகமாகப் பூட்டப்பட்டது. அற்பமான விடுதலையும் மறைவென்று சொல்லிப் பாலிஸியையே தள்ளிவிடக் கம்பெனிகளுக்கு அது ஆயுதமாயிற்று. இதை உணர்ந்தே நம் நாட்டின் 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45-வது பிரிவு வைக்கப்பட்டது. அதை 2015-ல் திருத்தி, ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியை மூன்று வருஷத்துக்குப் பின் எக்காரணத்தாலும் ஆட்சேபிக்க முடியாதென்று விதித்தனர். நேர்மை கம்பெனிக்கும் கடமையே என்று 1996-ல் நம் சுப்ரீம் கோர்ட்டும் வற்புறுத்தியது. சிறு தவறுக்கும் பாலிஸி முழுவதையும் தள்ளும் பழைய முறையை இங்கிலாந்தும் 2015-ல் தளர்த்திவிட்டது. இவையெல்லாம் புதுமையல்ல, 1766-க்குத் திரும்பும் பாதைகளே.

மான்ஸ்பீல்டின் சரித்திரம் நமக்கு இரு பாடங்களைப் போதிக்கின்றது. ஒப்பந்தம் செய்யும்போது கேட்க வேண்டியதைக் கேட்பதும், சொல்ல வேண்டியதைச் சொல்லுவதுமே நேர்மை. பாலிஸி எடுப்போர் தம் நோயை மறையாதிருப்பார்களாக. கம்பெனியாரும் தம் ஏஜெண்டு எழுதிய விடைகளைச் சாவுக்குப் பின் துருவாமல், பணம் வாங்கும் அன்றே விசாரிப்பார்களாக. இது முதற்பாடம். எத்துணை நுட்பமான சட்டமும், மனிதனை மனிதனாகக் காணத் தவறிய இடத்தில் நீதியாகாது என்பதே ஸாங் கப்பலில் மாண்ட பெயர் தெரியாத மக்கள் நமக்குக் கற்பிக்கும் இரண்டாவது பாடம். முன்னதை மான்ஸ்பீல்டின் அறிவு கற்பித்தது. பின்னதை அவருடைய குறை கற்பிக்கின்றது.